பால்சாமி, வயது நாற்பத்தொன்பது

காளீஸ்வரன் கழுத்துப் பட்டையோடு கடைக்குள் நுழைந்ததுமே ஜாபர் சாதிக் எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். முப்பத்தாறு வருஷம் கல்யாண வீடு, காதுகுத்து, எழவு வீடு என்று கனத்த கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு அலைந்ததில் காளீஸ்வரனுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. இனிமேல் கழுத்தில் எதையும் மாட்டாதீர்கள், கை மரத்துப்போகும் என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கை மரத்துப்போன போட்டோக்காரரை எந்த வீட்டில் கூப்பிடுவார்கள்? அதனால்தான், வாழ்நாள் முழுக்க ‘சோப்பு டப்பா’ என்று கேலி செய்த சின்னக் கேமராக்களில் ஒன்றை வாங்க, இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் இருந்த அந்தக் கடைக்கு அவரே தேடிக்கொண்டு வந்திருந்தார். வாய்க்கொழுப்புக்கு இப்படித்தான் கூலி கிடைக்கும்.

ஜாபர் சாதிக் கீழக்கரைக்காரர். துபாயில் பதினான்கு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பி, பழைய கேமராக்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். மேசைமேல் துணி விரித்து மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார்.

"புதுசு கெடைக்க மாட்டேங்குதுண்ணே. காலேஜ் பிள்ளைங்க எல்லாம் இப்ப இதத்தான் தேடுதுங்க. இது மூணும் பத்திரமா வச்சிருந்தவங்க கையில இருந்து வந்தது."

காளீஸ்வரன் கேமராவின் முகப்பில் எழுதியிருந்த எண்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பவன் நேற்றுப் பிறந்தவன் என்பது அவருடைய கட்சி. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உச்சி வெயிலில் நின்றார். முதல் கேமரா பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்க வழி இல்லை, பின்னால் திரை மட்டும்தான். இராமேஸ்வரம் வெயிலில் அந்தத் திரையில் தன் மூக்குதான் தெரியும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவதைச் சுவிட்சைத் தட்டிவிட்டு எவ்வளவு வேகமாக விழிக்கிறது என்று பார்த்தார். ஓடுகிற ஆட்டோவைக் குறிவைத்து அமுக்கினார். நிழலில் படுத்திருந்த கறுப்பு ஆட்டையும் வெயிலில் காய்ந்த வெள்ளை வேட்டியையும் ஒரே படத்துக்குள் அடக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அது தேறிவிட்டது. மூன்றாவது கறுப்பாக, ஓரமெல்லாம் தேய்ந்து, உள்ளங்கைக்குள் அடங்கிக்கொண்டது. லென்ஸ் கொஞ்சம் சுமார். ஆனால் அமுக்கினால் சத்தமே இல்லை. எழவு வீட்டில் சத்தம் போடாத கேமராவின் அருமை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ரெண்டையும் கொண்டு போங்கண்ணே. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிச்சத வச்சுக்கிட்டு மத்தத இங்கன கொண்டுவந்து கொடுத்துருங்க" என்றார் ஜாபர்.

"பழகிப் பாக்காம எதையும் வீட்டுக்குள்ள விடக் கூடாது பாய்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பைக்கு ஒன்றாக இரண்டையும் போட்டுக்கொண்டு காளீஸ்வரன் கிளம்பினார். அது திங்கட்கிழமை.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் வழக்கமான பரீட்சை ஆரம்பித்தது. எந்தப் புதுக் கேமரா வந்தாலும் அவர் முதலில் படமெடுப்பது சுவரில் மாட்டியிருக்கும் தம்பி பால்சாமியின் படத்தைத்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் அவரே எடுத்தது. அடர்ந்த புருவம், நேராகப் பார்க்கிற பெரிய கண்கள். தோல் நிறம் எந்தக் கேமராவில் எப்படிக் கெடுகிறது என்பதை அந்த ஒரு முகத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்தப் படத்துக்கு மாலை கிடையாது.

மாலை போட வழியில்லை. பால்சாமியும் போட்டோக்காரன்தான். இராமேஸ்வரத்துக்கு வருகிற யாத்திரைக்காரர்களைப் படமெடுத்துப் பிழைத்தான். அந்தப் படம் எடுத்த மறு வருஷம், ஆடி மாசத்தில் ஒரு நாள், மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கேமராப் பையும் செருப்பும் மணலில் இருந்தன. ஆளைக் காணோம். உடம்பும் கரை ஒதுங்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று சிலர் சொன்னார்கள், படகேறி அக்கரைக்குப் போய்விட்டான் என்று சிலர் சொன்னார்கள். அவன் மனைவி சேதுலட்சுமி இரண்டாவதை நம்பினாள். பொட்டும் தாலியுமாக உச்சிப்புளியில் அம்மா வீட்டில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அதனால் குடும்பத்தில் யாரும் கருமாதிப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு கேமராவிலும் பால்சாமி நன்றாகவே விழுந்தான். மூன்றாவது கேமராவின் மெனுவைக் குடைந்துகொண்டிருந்தபோது, ‘முகத்தைப் பதிவு செய்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டது. ஒரு முகத்தைக் காட்டி, பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துவிட்டால், கூட்டத்தில் அந்த முகம் எங்கே இருந்தாலும் கேமரா கண்டுபிடித்து, கட்டம் போட்டு, பெயரையும் வயதையும் காட்டும். பிள்ளை பெற்றவர்களுக்காகச் செய்து வைத்த வித்தை. காளீஸ்வரனுக்குப் பிள்ளை இல்லை. எதிரில் இருந்த முகத்தையே காட்டி, தம்பியின் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டார்.

கேமரா கொஞ்சம் யோசித்தது. பிறகு பால்சாமியின் முகத்தைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுந்தது. கீழே ஆங்கில எழுத்தில் அவன் பெயர், பக்கத்தில் வயது 49. காளீஸ்வரன் கேமராவைச் சட்டென்று இறக்கிவிட்டார். அவர் மனதில் தம்பிக்கு என்றைக்கும் முப்பதுதான். படத்தில் இருப்பவனுக்கும் முப்பதுக்குள்தான், மீசையில் ஒரு நரை கிடையாது. அந்த மெஷினுக்கு மட்டும் அவன் எங்கேயோ இருந்து வருஷா வருஷம் வயதேறிக்கொண்டிருந்தான். பகல் மூன்று மணிக்குத் தன் ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்திருக்கவே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

மறுநாள் சேதுலட்சுமியின் அண்ணன் ராமசுப்பிரமணியன் போன் செய்தார்.

"மச்சான், சேதுக்குத் திரும்பவும் ஆரம்பிச்சிருச்சு. இருளாண்டி மாமா செத்ததுக்குத் துட்டி கேக்கப் போனவ, அவரு படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, எங்க வீட்டுக்காரவுக என்னையப் பாக்குறாகங்கிறா. அத்தன பேரு மத்தியில. எனக்குத் தலையத் தூக்க முடியல."

காளீஸ்வரன் போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"வெள்ளிக்கெழம காலையில ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போறோம். இந்தத் தடவ அங்கனயே ஒரு ரூம்பு பிடிச்சு விட்டுரலாம்னு இருக்கு. அம்மாவும் இல்ல, நான் எத்தன நாளைக்குப் பாக்குறது. நீங்க வந்து சொன்னா வண்டியில ஏறுவா."

"சரி, வாரேன்" என்றார் காளீஸ்வரன். வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. ஏனென்றால் பதினேழு வருஷத்துக்கு முன்னாலும் அவர் அதையேதான் சொன்னார்.

அப்போதும் இதே பேச்சுத்தான். செத்தவர்கள் படத்துக்குள்ளிருந்து புருஷன் தன்னைப் பார்க்கிறான் என்று சேதுலட்சுமி மூன்று வீடுகளில் சொன்னாள். ஊர் சிரித்தது, பிறகு பயந்தது. வண்டி பிடித்து, புத்தி தடுமாறினவர்களைக் கொண்டுபோய் விடுகிற ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போனார்கள். முன் சீட்டில் உட்கார்ந்து போனவர் காளீஸ்வரன். தர்காவில் யாரும் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, சொன்னதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். பக்கத்தில் ஒரு அறையில் அம்மாவோடு பதினோரு மாசம் இருந்துவிட்டு, ஒன்றும் பேசாதவளாகத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு துட்டி வீடுகளுக்குப் போவதை விட்டாள். நல்ல காரியங்களுக்கு அவளைக் கூப்பிடுவதை மற்றவர்கள் விட்டார்கள். பதினாறு வருஷம் ஊசியும் நூலுமாக ஓட்டி, இப்போதுதான் நாலு பெண்கள் வந்து தையல் படிக்கிற அளவுக்கு நிமிர்ந்திருந்தாள்.

புதன்கிழமை இருளாண்டியின் கருமாதி. உச்சிப்புளியிலிருந்து உள்ளே போகிற ஊர். படமெடுக்கக் காளீஸ்வரனைத்தான் சொல்லியிருந்தார்கள். பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு, காளீஸ்வரன் செய்து கொடுத்த இருளாண்டியின் பெரிய படத்தை வைத்து ரோஜா மாலை சாத்தியிருந்தது. மூத்த மகனுக்குத் தலையில் உருமால் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் பந்தல் துணியை ஊடுருவிக்கொண்டு மஞ்சளாக இறங்கியது. சத்தம் போடாத கேமராதான் இங்கே தோது என்று மூன்றாவது கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

மாலைக்கு நடுவில் இருந்த முகத்தைச் சுற்றிக் கட்டம் விழுந்தது. பால்சாமி, 49.

அவர் கேமராவை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கட்டம் அப்படியே இருந்தது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார், கட்டமும் பெயரோடு கூடவே நகர்ந்தது. உருமால் கட்டின மகன் பக்கம் திருப்பினார். அவன் முகத்தில் வெறும் கட்டம்தான், பெயர் இல்லை. சமையல்காரர், ஒப்பாரி முடித்து முகம் கழுவிய பெண்கள், ஒருவர் முகத்திலும் பெயர் இல்லை. படத்துக்குத் திரும்பினால் பால்சாமி வந்துவிட்டான். எண்பத்திரண்டு வயதில் செத்த கிழவனின் சுருங்கின முகத்துக்குக் கீழே நாற்பத்தொன்பது என்று எழுதியிருந்தது.

"என்னண்ணே, கேமரா மக்கர் பண்ணுதா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல, வெளிச்சம் பாக்குறேன்."

வீட்டுக்குள் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். முன்னறைச் சுவரில் வரிசையாக மூன்று படங்கள். இருளாண்டியின் மனைவி, அவள் அக்கா, கல்யாணமாகாமல் செத்த ஒரு மகன். மூன்றும் வெவ்வேறு வருஷங்களில் காளீஸ்வரன் ஸ்டுடியோவில் செய்தவை. கேமராவை உயர்த்தினார். பெயர் முதலில் கிழவி முகத்தில் விழுந்தது. கையை லேசாகத் திருப்பியதும் அக்கா மேல் போய் நின்றது. அப்புறம் மகன் மேல். ஒரு ஆள் சுவருக்குப் பின்னால் நடந்து போகிறபோது ஓட்டை ஓட்டையாக எட்டிப் பார்க்கிற மாதிரி, அவன் ஒவ்வொரு படமாக வந்து நின்று இவரைப் பார்த்தான். காளீஸ்வரன் கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டார். சாப்பாட்டுப் பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டார்.

பேய் பிசாசு என்று பயந்திருந்தால்கூட அவருக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்குக் காரணம் தெரியும்.

இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போகிறவர்கள் அதிகம். மூச்சு நின்ற பிறகுதான் வீட்டுக்காரர்களுக்குப் படம் ஞாபகம் வரும். போட்டோக்காரரைக் கூப்பிட்டு, உடம்பை நாற்காலியில் சாய்த்து, வாய் திறக்காமலிருக்கக் கட்டின தாடைக்கட்டோடு எடுக்கச் சொல்வார்கள். ஸ்டுடியோவில் தாடைக்கட்டை அழித்து, மூடியிருக்கிற கண்ணைத் திறந்து, சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். தொழிலில் இதற்குக் கண் திறப்பது என்றே பெயர். முன்பெல்லாம் தூரிகையால் வரைந்தார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு வேறொருவர் கண்ணை வெட்டி ஒட்டினால் போதும்.

பால்சாமி காணாமல் போன மூன்றாம் மாசம், பெருங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் படம் கண் திறக்க வந்தது. பொருத்தமான கண் ஒன்றும் அகப்படாமல் தலை நிமிர்ந்த காளீஸ்வரன், சுவரில் தம்பியைப் பார்த்தார். அவன் கண்ணாவது எங்கேயாவது திறந்திருக்கட்டும் என்று அப்போது தோன்றியது. புருவத்திலிருந்து மூக்குத்தண்டு வரைக்கும் ஒரே பட்டையாக வெட்டி ஒட்டினார். அவ்வளவு இயற்கையாக வேறு எந்தக் கண்ணும் உட்கார்ந்ததில்லை. முதல் தடவை செய்தது பாசத்தில். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சோம்பேறித்தனத்தில். கம்ப்யூட்டரில் ‘கண்’ என்று பெயர் போட்டு வைத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆணுக்கு, பெண்ணுக்கு, கிழவருக்கு, பிள்ளைக்கு எல்லாருக்கும் அதுதான். நிறத்தை மாற்றி, சுருக்கம் சேர்த்து, இமையைத் தாழ்த்தி விடுவார். எத்தனை வீடு என்று அவர் எண்ணியதில்லை. ஆயிரத்துக்குக் குறையாது.

சேதுலட்சுமி முதல் தடவை சொன்னபோதே அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது. அவள் காட்டிய மூன்று வீட்டுப் படங்களும் அவர் செய்தவை. ஆனாலும், இத்தனை வேலைப்பாட்டுக்குப் பிறகு எந்த மனுஷக் கண்ணாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது, அவளுக்கு உண்மையிலேயே புத்தி தடுமாறித்தான் இருக்க வேண்டும், இது தற்செயலாக நடந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தொழில் கர்வம் அப்படிச் சொல்ல வைத்தது. வெளியே தெரிந்தால் ஊர் ஊராகச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து முகத்தில் எறிவார்களே என்ற பயமும் சொல்ல வைத்தது. சொல்லிச் சொல்லிப் பதினேழு வருஷத்தில் அது நிஜமாகவே ஆகிவிட்டது. இப்போது கைக்குள் அடங்குகிற ஒரு பழைய கேமரா, தாட்சண்யம் இல்லாமல், அவள் சொன்னதையே சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் காளீஸ்வரன் இரண்டாவது கேமராவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுற்றினார். அருமையான கேமரா. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைக்கூட எடுத்துப் பார்த்தார். முகத்தை முகமாக மட்டும் பார்த்தது, யார் பெயரையும் சொல்லவில்லை. நெஞ்சுக்கு இதமாக இருந்தது. தேர்ந்தெடுப்பதற்கு இதற்கு மேல் என்ன யோசனை என்று நேராக ஜாபர் கடைக்குப் போய், கறுப்புக் கேமராவை மேசைமேல் வைத்தார்.

"இது வேண்டாம் பாய். மத்தத வச்சுக்கிடுறேன்."

"என்ன குறைண்ணே இதுல?"

"குறை ஒண்ணுமில்ல. ரொம்பப் பாக்குது."

ஜாபர் சிரித்தபடி அதைத் தட்டி, மெனுவுக்குள் போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். "ஓ, பேரு போட்டு வச்சிருக்கீங்களா. யாருண்ணே பால்சாமி?"

"என் தம்பி."

"எங்க இருக்காரு?"

காளீஸ்வரன் மேசைமேல் விரித்திருந்த துணியின் மடிப்பை நீவிவிட்டார். "நெறைய வீட்ல இருக்கான் பாய்" என்றார் கடைசியில்.

ஜாபர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "சரி, நான் இத அழிச்சுட்டு அடுத்த ஆளுக்குக் காட்டுறேன். அழிக்கவான்னு கேக்கும், ஆமான்னு ஒரு அமுக்கு. முடிஞ்சுது."

திரையில் அந்தக் கேள்வி வந்து நின்றது. ஜாபரின் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அது இறங்கினால், நாளைக்குச் சேதுலட்சுமியை வண்டியில் ஏற்றலாம். அவள் சொல்வதை உண்மை என்று சொல்ல இந்த உலகத்தில் இருப்பது இரண்டே பேர், ஒன்று இந்த மெஷின், இன்னொன்று அவர். மெஷின் வாயை மூடிவிட்டால், அவர் எப்படியும் மூடிக்கொண்டுதான் இருப்பார். தன்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இருங்க பாய்" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "நாளைக்கு ஒரு நா இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு உச்சிப்புளி வீட்டு வாசலில் வண்டி நின்றது. சேதுலட்சுமி எதிர்த்துப் பேசவில்லை. துணிப்பையைக் கட்டி வாசற்படியில் வைத்துவிட்டு, மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு முன்நெற்றி முடி முழுக்க நரைத்திருந்தது. பொட்டு மட்டும் அன்றைக்கு வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

"வாங்க அத்தான். இந்த ஒரு ஊக்குத்தான். முடிச்சுக் கொடுத்துட்டா அந்தப் பிள்ள அலைய வேண்டாம்."

ராமசுப்பிரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காளீஸ்வரன் நின்றபடியே பேச ஆரம்பித்தார். உட்கார்ந்தால் பேச்சு வராது என்று பயந்தார்.

"வண்டியத் திருப்பி அனுப்புங்க மச்சான். சேதுவுக்கு ஒண்ணுமில்ல. இருளாண்டி படத்துல இருக்குறது என் தம்பி கண்ணு. நான்தான் வச்சேன்."

"என்ன சொல்றீக?" என்றார் ராமசுப்பிரமணியன்.

எல்லாவற்றையும் சொன்னார். தாடைக்கட்டுப் படங்கள், ‘கண்’ என்று பெயர் போட்டு வைத்தது, ஆயிரம் வீடு. சேதுலட்சுமி ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள். காளீஸ்வரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். சுவரில் அவளுடைய அம்மாவின் படம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் செய்து கொடுத்ததுதான். நெற்றியில் சந்தனம், கதம்ப மாலை, கீழே விளக்கு. கேமராவைத் தட்டி ராமசுப்பிரமணியன் கையில் கொடுத்தார்.

"உங்க அம்மா படத்தப் பாருங்க."

ராமசுப்பிரமணியன் பார்த்தார். கேமரா அவர் மூக்குக்கண்ணாடியில் இடித்தது. ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். பிறகு கேமராவை மிஷின்மேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வண்டி புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது.

"ஏர்வாடிக்குப் போன அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா அத்தான்?" என்று சேதுலட்சுமி கேட்டாள்.

"தெரியும்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். எழுந்துபோய் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"எனக்கு இதுலயும் தெரிஞ்சுச்சு. கொண்டுவந்து மாட்டின அன்னிக்கே தெரிஞ்சுச்சு. சொன்னா வண்டி வந்துரும்னு சொல்லல. தெனமும் காலையில இங்கன நின்னு, இன்ன துணி வந்துருக்கு, இன்னார் வீட்ல கல்யாணம்னு அவுககிட்டச் சொல்லிட்டுத்தான் வேலைக்கு ஒக்காருவேன்." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "அப்ப அவுக பாக்கலயா அத்தான்?"

"இல்லம்மா. அது வெறும் படம்."

"இருவது வருசமா அவுக எங்கயோ இருந்துக்கிட்டு, எப்படியாச்சும் வந்து வந்து பாத்துட்டுப் போறாகன்னு இருந்தேன். அவுக பாக்குறாகன்னா உசுரோட இருக்காகன்னு அர்த்தம்னு இருந்தேன்."

காளீஸ்வரன் அவளைப் பைத்தியம் இல்லை என்று சொல்வதற்குத்தான் வந்தார். சொல்லியும் விட்டார். அந்த ஒரே சொல்லில் அவளுக்கு இருந்த ஒரே ஒரு ஆளையும் கொன்றுவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சேதுலட்சுமி படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். முந்தானையை நனைத்து, கண்ணாடிமேல் இருந்த சந்தனத்தைத் துடைத்தாள். "எங்கம்மாவுக்குன்னு போட்டேன். என் கையாலயே அவுகளுக்குல்ல போட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விளக்கை ஊதவில்லை, விரலால் திரியை உள்ளே இழுத்து அணைத்தாள். பிறகு வந்து மிஷின்மேல் இருந்த கேமராவை எடுத்தாள். எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, போட்டோக்காரன் பெண்டாட்டி. அம்மாவின் படத்தை வெகுநேரம் அதன் வழியாகப் பார்த்தாள்.

"நாப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கு."

"பொறந்த தேதி போட்டா அதுவா கணக்குப் பண்ணிக்கிடும்."

"ஆமா, பங்குனி வந்தா அம்பது" என்றாள் அவள்.

காளீஸ்வரன் தாங்க முடியாமல் அவள் போட்டு வைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சேதுலட்சுமி கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே மெல்லத் திரும்பினாள். லென்ஸ் சுவரைக் கடந்து, கதவைக் கடந்து, அவருக்கு நேரே வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அவளுடைய உதடு மட்டும் லேசாகப் பிரிந்தது.

"என்ன சேது?"

"அத்தான்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டிராத குரல். "உங்க மேலயும் வருது. அவுக பேரு."

ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அதே புருவம், அதே மூக்குத்தண்டு, மெஷின் குழம்பிவிட்டது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. அவமானம் தாளாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மூடாதீக" என்றாள் சேதுலட்சுமி. "நீங்க மூடுனா அவுக பேரு போயிருது."

அவர் திறந்தார். வாசல் வெயில் நேராக முகத்தில் அடித்தது, கண்ணீர் வழிந்து பட்டைக்குள் இறங்கியது. அவள் ஒரு அடி கிட்டே வந்தாள், இன்னொரு அடி வந்தாள், இமைக்காமல் பார்த்துக்கொண்டே, அன்றைக்கு என்ன துணி வந்தது, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்லத் தொடங்கினாள்.